பேட்டரி போச்சுன்னு ஸ்டோருக்கு தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி

சிங்கப்பூர் சைட்டுகள்ல பெட்ரோல் கட்டரும் வயர் இழுத்துட்டு அலையுற, கான்கிரீட் உடைக்கிற ஹேக்கிங் மெஷினும் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கி, இப்ப ஈர கான்கிரீட்ட இறுக்க முதுகுல மாட்டுற வைப்ரேட்டர், 14 இன்ச் கட் ஆஃப் சா, கான்கிரீட்ல வட்டமா ஓட்டை போடுற கோரிங் மெஷின், தரையை உடைக்கிற பெரிய பிரேக்கர் வரைக்கும் பேட்டரியில வந்துருச்சு. மில்வாக்கீ எம்எக்ஸ் ஃப்யூல் 72 வோல்ட், மகிட்டா 40 வோல்ட், டிவால்ட் 54 வோல்ட், ஹில்டி நியூரான் 22 வோல்ட்னு கம்பெனிக்கு ஒரு கலர்ல ஸ்டோர்ல அடுக்கி கெடக்கு. பேஸ்மென்ட்ல பெட்ரோல் இன்ஜின் ஓட்டுனா கார்பன் மோனாக்சைடு தேங்கி ஆள் சாஞ்சிடுவான், ஈரத்துல வயர் மெஷின் ஓட்டுனா ஈஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா லைன கட் பண்றது) ட்ரிப் ஆகி அந்த ஃப்ளோரே நின்னுடும், இந்த ரெண்டு தொல்லையும் போனது நிம்மதிதான்.

ஆனா ஒரு விஷயம் மாறிடுச்சு. பெட்ரோல் இன்ஜின் நிக்கிறதுக்கு முன்னாடி சத்தம் மாறும், திணறும், புகை கக்கும், கையில வெச்சிருக்கவனுக்கு தானா தெரிஞ்சிடும். பேட்டரி மெஷின் நல்லா ஓடிட்டே இருக்கும், பட்டுன்னு நிக்கும், ஒரு முனகல்கூட இல்ல. நின்ன உடனே "பேட்டரி போச்சுண்ணே"ன்னு ஸ்டோருக்கு வந்துடுது. பிரிச்சு பாத்தா பெரும்பாலும் பேட்டரி நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்க போர்டு மூணு காரணத்துக்காக வேணும்னே கட் பண்ணும்: கரண்ட் ரொம்ப இழுத்தா, சூடு ஏறுனா, செல்லோட (பேட்டரிக்குள்ள இருக்க குட்டி பேட்டரியோட) வோல்டேஜ் அடிமட்டத்துக்கு போனா. இந்த மூணுல எதுன்னு கண்டுபுடிக்கிறதுதான் வேலையே. கீழ ஒவ்வொரு கம்ப்ளெயின்டையும் நம்மாளுங்க சொல்ற மாதிரியே போட்டிருக்கேன், உங்க கேஸ் எதுவோ அங்க போய் படிங்க. முதல் ஒன்ன மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க.

பேட்டரி வீங்கியிருக்கு, வாசனை வருது, புகை வருது

ஓட்டாமயே சூடா இருக்கு, மேல் கூடு உப்பிட்டு மெஷின்ல இருந்து கழட்ட வரல, தின்னர் மாதிரி ஒரு இனிப்பான வாசனை, இல்ல உஸ்ஸ்னு சத்தம், இதுல எது இருந்தாலும் சார்ஜர்ல போடாதீங்க. ஏற்கனவே சார்ஜர்ல இருந்தா சுவத்துல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. புகை இன்னும் வரலன்னா மட்டும் வெளிய திறந்த இடத்துக்கு கொண்டு போய் காஞ்ச மணல் போட்ட இரும்பு வாளியில வைங்க, பிளைவுட், தின்னர், டீசல் பக்கத்துல இருக்க கூடாது. புகை வர ஆரம்பிச்சிருச்சா, அத தொடவே தொடாதீங்க, ஆளுங்கள வெளிய அனுப்பிட்டு 995 அடிங்க. அந்த புகையில ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், நுரையீரலுக்கு விஷம், "சும்மா ஒரு பேட்டரிதானே"ன்னு மூக்க மூடிட்டு உள்ள போற வீரம்லாம் வேணாம். சின்ன தீயணைப்பு சிலிண்டர் அடிச்சா நெருப்பு அடங்குன மாதிரி இருக்கும், ஆனா உள்ள சூடு இருக்க வரைக்கும் திரும்ப பத்தும், நிறைய தண்ணி ஊத்தி குளிர வெச்சாதான் நிக்கும். நின்னப்புறமும் சில மணி நேரம் கழிச்சு மறுபடி பத்தலாம், அதனால திரும்ப ஸ்டோருக்குள்ள கொண்டு வராதீங்க.

ஸ்காஃபோல்டிங்ல இருந்து கீழ விழுந்த பேட்டரியும் இதே கணக்குதான். வெளிய கீறல்கூட இல்லாம உள்ள செல் நசுங்கியிருக்கும். தனியா, வெளிய, ஒரு நாள் வெச்சு பாத்துட்டு டீலர்கிட்ட குடுத்து செக் பண்ண சொல்லுங்க.

ட்ரிகர் அமுக்குறேன், ஒன்னுமே இல்ல

பேட்டரிய கழட்டி அதுல இருக்க பட்டன அமுக்குங்க. லைட்டே வரலன்னா கீழ சார்ஜ் பகுதிக்கு போங்க. ரெண்டு மூணு லைட் எரிஞ்சா பேட்டரியில கரண்ட் இருக்குன்னு அர்த்தம், பிரச்சனை வேற எடத்துல.

திரும்ப மாட்டுறப்ப டக்குன்னு லாக் சத்தம் வரணும். பேட்டரி சொருகுற தடத்துல சிமென்ட் பால் காஞ்சு கெட்டியாயிருந்தா பேட்டரி ஒரு மில்லிமீட்டர் வெளிய நிக்கும், பாக்க மாட்டுன மாதிரியே தெரியும், கான்டாக்ட் மட்டும் புடிக்காது. நைலான் பிரஷ்ல தட்டி எடுங்க, கான்டாக்ட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க, காயவிட்டு மாட்டுங்க. உப்புத்தாள் வெச்சு தேய்க்கவே கூடாது, மேல இருக்க பூச்சு போயிடும், அப்புறம் அடுத்த மழைக்கே பச்சை புடிச்சு நிரந்தர தலைவலியாயிடும்.

சுவிட்ச் ஆன்ல இருக்கப்பவே பேட்டரி மாட்டுனா பல கிரைண்டர் ஓடாது, அது கோளாறு இல்ல, கைய வெட்டிடக்கூடாதுன்னு அப்படித்தான் செஞ்சிருக்கான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.

ரெண்டு பேட்டரி மாட்டுற மெஷினா, பெரும்பாலும் ரெண்டும் சீரீஸ்ல (ஒன்னு பின்னாடி ஒன்னா) இருக்கும், ஒன்னு காலியானாலும் மொத்தமா நிக்கும். ஒன்னு ஃபுல், ஒன்னு நேத்து ஓட்டுனதுன்னு கலந்து மாட்டிட்டு மெஷின் மேல பழி போடுறது நம்ம சைட்ல தினமும் நடக்குது. ஜோடியா சார்ஜ் போட்டு ஜோடியா எடுங்க, மேல பெயின்ட் மார்க்கர்ல நம்பர் போட்டுக்கிட்டா குழப்பம் இல்ல.

எண்ண பாத்தும் ஏமாறாதீங்க. 18 வோல்ட்டும் 20 வோல்ட் மேக்ஸும் ஒன்னுதான், அஞ்சு செல் சீரீஸ்ல. 36 வோல்ட்டும் 40 வோல்ட் மேக்ஸும் ஒன்னு, பத்து செல். ஆனா ஹில்டியில பழைய 22 வோல்ட்டும் நியூரான் 22 வோல்ட்டும் ஒரே எண்ணா இருந்தாலும் ஒன்னுல ஒன்னு மாட்டாது. டிவால்ட் 54 வோல்ட் ஃப்ளெக்ஸ்வோல்ட் பேட்டரி 18 வோல்ட் மெஷின்ல ஓடும், உள்ள இருக்க 15 செல்லும் அஞ்சஞ்சா பிரிஞ்சு பக்கவாட்டுல சேந்துக்கும், ஆனா 18 வோல்ட் பேட்டரி 54 வோல்ட் மெஷின ஓட்டாது.

இதெல்லாம் சரியா இருந்தும் ஓடலன்னா மாத்தி பாருங்க: நல்லா ஓடுற வேற பேட்டரிய இந்த மெஷின்ல, இந்த பேட்டரிய நல்லா ஓடுற வேற மெஷின்ல. ரெண்டு நிமிஷ வேலை. இத செய்யாம ஸ்டோருக்கு வந்தா ஸ்டோர்க்காரனும் இதத்தான் செய்வான், அதுக்கு எட்டு மாடி இறங்கி வரணுமா?

ரெண்டு நிமிஷம் ஓடுது, நிக்குது, விட்டு அமுக்குனா திரும்ப ஓடுது

அதிகமா வர்ற கம்ப்ளெயின்ட் இதுதான், பேட்டரிக்கும் இதுக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி. கரண்ட் ஜாஸ்தி இழுத்ததால போர்டு கட் பண்ணுது, ட்ரிகர விட்டா ரீசெட் ஆகி திரும்ப ஓடுது. ஏன் ஜாஸ்தி இழுக்குதுன்னு பாக்கணும்னா பேட்டரி பக்கம் பாக்காதீங்க, மெஷினோட மூக்கு பக்கம் பாருங்க.

கட் ஆஃப் சாவா இருந்தா பிளேட கழட்டி விளிம்ப விரலால தடவுங்க (பேட்டரிய கழட்டிட்டு). சொரசொரன்னு வைர துகள் கையில படணும். வழவழன்னு கண்ணாடி மாதிரி இருந்தா பிளேடு மழுங்கிடுச்சு, கெட்டியான கான்கிரீட்ட வெட்டி வெட்டி வைரம் தேஞ்சு போய் சுத்தி இருக்க உலோகம் மட்டும் மேல நிக்குது. தூக்கி போட வேணாம், மணல் அதிகமா இருக்க சொரசொரப்பான செங்கல்ல இல்ல டிரெஸ்ஸிங் கல்லுல சில வெட்டு வெட்டுனா புது வைரம் வெளிய வரும். பிளேடு மேல இருக்க அம்புக்குறி சுத்துற பக்கம் இருக்கான்னும் பாருங்க. தண்ணி கனெக்‌ஷன் அடச்சிருந்தாலும் பிளேடு சூடாகி இதே கதைதான்.

அடுத்தது அமுக்குறது. பெட்ரோல் கட்டர் ஓட்டி பழகுன கை இருக்கே, அது இன்ஜின் திணறுற சத்தம் கேக்குற வரைக்கும் அமுக்கி, கேட்டவுடனே லேசா விடும், அப்படியே பழகிடுச்சு. பேட்டரி மெஷின்ல இருக்க பிரஷ்லெஸ் மோட்டார் திணறாது, நீங்க அமுக்க அமுக்க வேகத்த விடாம கரண்ட இழுத்துக்கிட்டே இருக்கும், கடைசியில போர்டு கட் பண்ணும். அதனால காதுக்கு பதிலா கண்ண நம்புங்க, லைட் வெச்ச மெஷினா இருந்தா லோடு லைட் மஞ்சளானா கைய தளர்த்துங்க. ஆழமா வெட்டணும்னா ஒரே இறக்கா இறக்காம மூணு தடவையா இறக்குங்க, மொத்த நேரமும் கம்மியாத்தான் ஆகும், பேட்டரியும் மிச்சம்.

பிரேக்கர்ல சிசல் முனை காளான் மாதிரி விரிஞ்சிருந்தாலும், ஷேங்க்ல (மெஷினுக்குள்ள சொருகுற பக்கம்) கிரீஸ் இல்லாம காஞ்சிருந்தாலும், அடி கான்கிரீட்டுக்கு போகாம மெஷினுக்குள்ளயே சூடாயிடும்.

மூணாவது, பேட்டரி சைஸ், அதாவது எத்தன ஆம்பியர் அவர் கொள்ளளவுன்னு. 18 வோல்ட் 2 ஆம்பியர் அவர் பேட்டரியில அஞ்சு செல் ஒரே வரிசை, 5 ஆம்பியர் அவர்ல ரெண்டு வரிசை, அதனால ஒவ்வொரு செல்லும் பாதி சுமைதான் தூக்கும். சின்ன பேட்டரிய பெரிய கிரைண்டர்ல மாட்டுனா வோல்டேஜ் சரிஞ்சு, உள்ள சார்ஜ் இருக்கப்பவே காலின்னு நினைச்சு நின்னுடும். ட்ரில்லுக்கு எடை கம்மின்னு சின்னது போடுங்க, கிரைண்டருக்கும் ரோட்டரி ஹாமருக்கும் பெருசு போடுங்க. ஆன்லைன்ல பாதி விலைக்கு கெடைக்கிற டூப்ளிகேட் பேட்டரி மேல 6.0ன்னு போட்டிருக்கும், கையில தூக்கி பாத்தாலே ஒரிஜினலவிட லேசா இருக்கும், உள்ள செல் பாதுகாப்பு போர்டும் ஒழுங்கா இருக்காது. அத சைட்டுக்குள்ளயே விடாதீங்க, நான் விட மாட்டேன்.

இன்னொரு விதமாவும் நிக்கும். கோர் பிட்டு கம்பியில மாட்டி மெஷின் முறுக்குன அந்த நொடியே நின்னா அது உங்க மணிக்கட்ட காப்பாத்துன சென்சார். அத ஆஃப் பண்ண வழி தேடாதீங்க.

சூடாகி நின்னுடுச்சு, விட்டு அமுக்குனாலும் வரல

முன்னாடி சொன்னது கரண்ட், இது சூடு. செல் 60, 70 டிகிரி பக்கம் போனா போர்டு கட் பண்ணிட்டு குளிர்ற வரைக்கும் திரும்ப விடாது. பேட்டரி சூடா, மோட்டார் சூடான்னு கை வெச்சு பாருங்க. மோட்டார் பக்கம் சூடுன்னா காத்து ஓட்டையில கான்கிரீட் தூசி அடைச்சிருக்கும், வெளிய எடுத்துட்டு போய் லேசான காத்துல ஊதுங்க, கம்ப்ரஸர முழு பிரஷர்ல மூஞ்சிக்கு நேரா வெச்சு ஊதுனா தூசி பேரிங்குக்குள்ள போயிடும். ஊதுறப்ப மாஸ்க் போடுங்க, பேட்டரி மெஷின்ல புகைதான் இல்ல, சிலிகா தூசி அதே தூசிதான்.

பேட்டரி சூடுன்னா நிழல்ல ஃபேன் முன்னாடி வைங்க, வேற பேட்டரி மாட்டி வேலைய பாருங்க. ஐஸ் பெட்டியில போடுறது, ஈரத்துணி சுத்துறது எல்லாம் வேணாம், உள்ள வேர்த்து போர்டுல தண்ணி புடிக்கும்.

சார்ஜ் ஏற மாட்டேங்குது

மத்தியானம் வெட்டிட்டு நேரா கொண்டு வந்து சார்ஜர்ல சொருகுனா ஏறாது, 40, 45 டிகிரிக்கு மேல சூடா இருக்க செல்ல சார்ஜ் பண்ணா ஆயுசு போயிடும்னு சார்ஜரே காத்திருக்கும். அந்த லைட்டுக்கு அர்த்தம் "பொறு"ன்னு, "போச்சு"ன்னு இல்ல. சார்ஜர் மேலயே சின்ன படம் போட்டிருப்பான், தெர்மாமீட்டர் படம் பக்கத்து லைட்டா, குறுக்கு போட்ட பேட்டரி படம் பக்கத்து லைட்டான்னு பாருங்க. வெயில்ல நிக்கிற கன்டெய்னர சார்ஜிங் ரூமா வெச்சிருந்தா அங்க எந்த பேட்டரியும் குளிராது, சார்ஜும் ஏறாது, ஃபுல்லா ஏத்துன பேட்டரிய அந்த சூட்டுல மாசக்கணக்கா வெச்சா கொள்ளளவும் குறைஞ்சிடும். நிழல்ல, காத்தோட்டமா, கீழ பிளைவுட் இல்லாத எடமா மாத்துங்க. லீவுல ரொம்ப நாள் சும்மா வெக்கிறதா இருந்தா பாதிக்கு கொஞ்சம் கம்மியான சார்ஜ்ல வைங்க.

எல்லா பேட்டரியும் மெதுவா ஏறுது, இல்ல சார்ஜர் ஆன் ஆகி ஆஃப் ஆகுதுன்னா லைன பாருங்க. பெரிய ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்னு 500 வாட்டுக்கு மேலயும் இழுக்கும், 13 ஆம்பியர் பிளக் ஒன்னு 230 வோல்ட்ல தர்றது மொத்தமா 3000 வாட்கூட இல்ல. ஒரே எக்ஸ்டென்ஷன்ல ஆறு சார்ஜர் குத்திட்டு ஃப்யூஸ் போச்சுன்னா யார் மேல தப்பு? கேபிள் ரீல முழுசா உருவி விடுங்க, சுத்தி வெச்சபடியே லோடு குடுத்தா உள்ள உருகும். ஜெனரேட்டர்ல ஓட்டுனா வோல்டேஜ் ஆடாத இன்வெர்ட்டர் வகையா பாருங்க.

ஒரு பேட்டரி மட்டும் சார்ஜர்ல வெச்ச உடனே சிவப்பா மினுக்குது, லைட் பட்டனுக்கும் பதில் இல்லன்னா அது மாசக்கணக்கா காலியா கெடந்து அடிமட்டத்துக்கும் கீழ போயிருக்கும். இதுக்கு வீடியோல ஒரு வைத்தியம் சுத்துது, நல்ல பேட்டரியில இருந்து ரெண்டு வயர் இழுத்து செத்த பேட்டரிக்கு உசுரு குடுக்குறது. செய்யாதீங்க. அவ்வளவு கீழ போன செல்லுக்குள்ள செம்பு கரைஞ்சு வேற எடத்துல படிஞ்சு ஷார்ட்டுக்கு வழி பண்ணியிருக்கலாம், சார்ஜர் மறுக்கிறதே அதனாலதான். இன்னைக்கு ஏறும், டார்மிட்டரியில ராத்திரி பத்தும்.

ஃபுல் சார்ஜ்தான், ஆனா வேலைக்கு பத்தல

முதல்ல கணக்கு போடுங்க, அப்புறம் குறை சொல்லுங்க. வோல்ட்ட ஆம்பியர் அவரால பெருக்குனா வாட் அவர். 72 வோல்ட் 6 ஆம்பியர் அவர் பேட்டரின்னா 432. கட் ஆஃப் சாவ விடாம அமுக்கி 3 கிலோவாட் இழுத்தா அது 9 நிமிஷம்கூட வராது. ஒரு லிட்டர் பெட்ரோல்ல 9 கிலோவாட் அவர் சக்தி இருக்கு, சின்ன இன்ஜின் அதுல முக்காவாசிய சூடாவும் புகையாவும் வீணாக்கிட்டுதான் மிச்சத்த தருது, அப்பவும் ஒரு லிட்டருக்கு ஈடா இந்த மாதிரி அஞ்சு பேட்டரிக்கு மேல வேணும். பேட்டரி மெஷின் ஜெயிக்கிறது விட்டு விட்டு செய்யிற வேலையில: ரெண்டு வெட்டு, அளவு பாக்குறது, நகர்றது, மறுபடி வெட்டு. நிக்கிற நேரத்துல அது ஒன்னும் குடிக்காது. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சுவர உடைக்கணும், பக்கத்துல டிபி (கரண்ட் எடுக்குற பெட்டி) இருக்குன்னா வயர் மெஷின எடுத்துட்டு போங்க, அதுல ஒரு அவமானமும் இல்ல.

மினி எக்ஸ்கவேட்டர் மத்தியானமே படுத்துடுதுன்னு சொல்றதும் இதே கணக்குதான். ஜேசிபி 19சி-1ஈ, வால்வோ ஈசிஆர்25 எலக்ட்ரிக் ரெண்டுலயும் பேட்டரி 20 கிலோவாட் அவர் பக்கம். 230 வோல்ட் 16 ஆம்பியர் சாக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு 3.7 கிலோவாட் அவருக்கு மேல ஏறாது, ஒரு மணி நேர சாப்பாட்டு பிரேக்குல அஞ்சுல ஒரு பங்குகூட வராது. பிரேக்கர் மாட்டி உடைச்சாலும், செயின்ல தூரமா நடக்க விட்டாலும் சீக்கிரம் இறங்கும், லாரியில ஏத்தி நகத்துங்க.

கணக்குப்படி வர வேண்டியதுல பாதிகூட வரலன்னாதான் பேட்டரிய சந்தேகப்படணும். சார்ஜர்ல போட்டா ரொம்ப சீக்கிரம் ஃபுல், ஓட்டுனா ரொம்ப சீக்கிரம் காலி, அதே சைஸ் வேற பேட்டரி அதே மெஷின்ல அதே வேலையில நல்லா வருதுன்னா ஒரு செல் வரிசை மத்ததோட சேராம போச்சு. வாரன்டி தேதி பாத்து டீலர்கிட்ட குடுங்க, பிரிச்சு செல் மாத்துற வேலை வேணாம்.

வைப்ரேட்டர் சூடாகுது, இல்ல வேகம் இல்ல

கான்கிரீட்டுக்குள்ள இறக்குற ஊசிய காத்துல ஓட விட்டுட்டு கான்கிரீட் லாரிக்கு காத்திருக்காதீங்க, அது குளிர்றதே ஈர கான்கிரீட்டுக்குள்ள இருக்கப்பதான். ஹோஸ ரொம்ப மடிச்சா உள்ள ஷாஃப்ட் உரசி கரண்ட் இழுக்கும். கம்பி கூட்டுக்குள்ள சிக்குனா மோட்டார நிறுத்திட்டு உருவுங்க.

மழையில நனைஞ்சிடுச்சு

தூறல் பட்டா துடைச்சிட்டு ஓட்டலாம். தேங்குன தண்ணியில விழுந்த பேட்டரிய மெஷின்லயும் போடாதீங்க சார்ஜர்லயும் போடாதீங்க, வீங்குன பேட்டரி மாதிரியே வெளிய தனியா வைங்க. மரீனா சைடு, துவாஸ் பக்கம் கடல் தண்ணின்னா இன்னும் மோசம், உப்பு தண்ணி கரண்ட நல்லா கடத்தும், காஞ்சப்புறமும் உப்பு உள்ளயே இருக்கும்.

ஏர்போர்ட்ல புடுங்கிட்டாங்க

இது சைட் கோளாறு இல்லதான், ஆனா ஊருக்கு போறப்ப சொந்தமா வாங்குன ட்ரில்ல எடுத்துட்டு போறவங்க பாதி பேர் கேக்குறாங்க. மெஷின் செக்-இன் பெட்டியில, கழட்டுன பேட்டரி கைப்பையில, கான்டாக்ட் மேல டேப் ஒட்டி. 100 வாட் அவர் வரைக்கும் பொதுவா விடுவாங்க, 100ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அதுவும் ரெண்டுதான், 160க்கு மேல பயணி கையில போகவே முடியாது. 18 வோல்ட் 5 ஆம்பியர் அவர்னா 90, தப்பிச்சிடும். 6 ஆம்பியர் அவர்னா 108, அனுமதி வேணும். 40 வோல்ட் மேக்ஸ் 5 ஆம்பியர் அவர்னா 36 ஆல பெருக்கி 180, அத இங்கேயே ரூம் பசங்ககிட்ட குடுத்துட்டு போங்க. சார்ஜர பத்தி கவலை இல்ல, சிங்கப்பூர்லயும் நம்ம ஊர்லயும் 230 வோல்ட்தான், பின் மட்டும் மாத்துனா போதும். அமெரிக்காவுல இருந்து யாராவது வாங்கிட்டு வந்து குடுத்த சார்ஜர்னா பின்பக்க ஸ்டிக்கர படிச்சிட்டு குத்துங்க, 120 வோல்ட்னு மட்டும் இருந்தா குத்தவே வேணாம்.